கழுகுமலைக்கு ஒரு நாள்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் எனக்குத் தந்த தலைப்பு ‘பேக்கேஜிங் எந்திரங்களில் புதிய போக்குகள்’. சாப்பாட்டுக்கு முந்தின பேச்சு இது. பசியோடு இருக்கிறவர்களிடம் அதைப் பேசுவது பாவம் என்பதால், போன மாசி மாதம் நாங்கள் முப்பத்து நாலு பேர் இருக்கன்குடியில் இருந்து கழுகுமலைக்குப் போய்வந்த கதையைச் சொல்கிறேன். செயலாளர் மன்னிக்க வேண்டும்.

இந்தப் பயணத்துக்கு மூல காரணம் இத்தாலி. எங்கள் நிறுவனம் வாங்கவிருந்த ஒரு எந்திரத்தைச் சோதித்துப் பார்க்க பொலோனியாவுக்குப் போயிருந்தேன். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்ததால் ஃபிளாரன்ஸ் போய், அங்கிருந்து கிளம்பும் ஒருநாள் சுற்றுலாப் பேருந்தில் ஏறிவிட்டேன். டஸ்கனியின் குன்றுகள் மேல் இருக்கும் பழைய ஊர்களைக் காட்டுவார்கள். சான் ஜிமிஞானோ என்று ஓர் ஊர். மதில் வாசலிலேயே பேருந்தை நிறுத்திவிட வேண்டும், அப்புறம் நடைதான். உள்ளே ஒவ்வொரு பணக்காரக் குடும்பமும் போட்டி போட்டுக் கட்டின கல் கோபுரங்கள். ஒரு காலத்தில் 72 இருந்ததாகச் சொல்கிறார்கள். இப்போது 14 நிற்கின்றன. உயரமானது 54 மீட்டர்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் அந்தப் பக்கத்து அம்மா, வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். கோபுரத்தின் அழகை அவர் அதிகம் பேசவில்லை. இந்தக் குடும்பமும் அந்தக் குடும்பமும் எப்படி வெட்டிக்கொண்டார்கள், 1348-இல் கொள்ளைநோய் வந்து ஊர் எப்படிக் காலியானது, அப்புறம் ஃபிளாரன்ஸ்காரன் காலில் எப்படி விழுந்தார்கள் என்றெல்லாம் தன் வீட்டுக் கதை மாதிரி சொன்னார். இடித்துப் புதுசாகக் கட்டக் காசில்லாத ஊராய்ப் போனதால்தான் கோபுரங்கள் தப்பின என்றார். 1990-இல் உலக பாரம்பரியச் சின்னம் ஆகிவிட்டது.

மதியச் சாப்பாட்டின்போது பக்கத்தில் இருந்த பிரேசில் நாட்டுப் பெரியவர், “உங்கள் ஊர்ப் பக்கம் இப்படி மலையை ஒட்டிப் பழைய ஊர் உண்டா?” என்று கேட்டார். கழுகுமலை என்று சட்டென்று சொன்னேன். அங்கே என்ன இருக்கிறது என்றார். கோயில் என்றேன். எவ்வளவு பழசு என்றார். ரொம்பப் பழசு என்றேன். அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. நாலைந்து தடவை போயிருக்கிறேன். கீழே முருகனைக் கும்பிட்டுவிட்டு, கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பினவன். மலைமேல் ஏறினதே இல்லை.

ஊருக்குத் திரும்பினதும் அகப்பட்ட புத்தகங்களைப் படித்தேன். தனியாக மூன்று தடவை ஏறி இறங்கினேன். அப்புறம்தான் நண்பர்களைக் கூப்பிட்டேன்.

நம்மாட்களைக் கூட்டிக்கொண்டு போவது இருக்கிறதே! எங்கள் செட் நண்பன் ஒருவன் பிள்ளைக்கு இருக்கன்குடியில் மொட்டை எடுத்துக் காது குத்துகிறான், அதையும் சேர்த்துக்கொள்வோம் என்று முடிவானது. மாரியம்மன் சந்நிதியில் பொங்கல் வைத்து, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி (இரண்டிலும் அன்றைக்கு மணல்தான் அதிகம்), சாத்தூர் வந்து சேவு வாங்கி, கோவில்பட்டி தாண்டிக் கழுகுமலை சேரும்போது மணி பதினொன்றே முக்கால். மாசி வெயில், மொட்டைப் பாறை. ஒருவருடைய அப்பா பாதிப் படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். அவரைக் கீழே இறக்கி இளநீர் வாங்கிக் கொடுத்தோம். தப்பு முழுக்க என்னுடையது. கழுகுமலையைக் காலை ஆறரைக்கு ஏற வேண்டும். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள், சாயங்காலம் போகலாம்.

மேலே வெட்டுவான் கோயில். இதைப் பொறியியல் மாணவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். கட்டின கோயில் இல்லை இது. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில் மலைச்சரிவைச் சுற்றிப் பள்ளமாகத் தோண்டி, நடுவில் ஒரு பாறையைத் தனியாக நிறுத்தி, உச்சியில் இருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதே நூற்றாண்டில் எல்லோராவில் கைலாசநாதர் கோயிலை வெட்டின முறையும் இதுதான். நாம் அஸ்திவாரம் போட்டு மேலே போவோம். அவர்கள் சிகரத்தில் ஆரம்பித்துக் கீழே வருகிறார்கள். சாரம் வேண்டாம், பாறையே சாரம். ஆனால் மேலே ஒரு விரற்கடை பிசகினால் கீழே சரிசெய்ய வழியில்லை. வெட்டின கல்லையும் குழிக்குள் இருந்து வெளியே ஏற்றியாக வேண்டும்.

விமானத்தின் மேல்பகுதி முடிந்திருக்கிறது. தென்பக்கம் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கீழே வரவர வேலை அரைகுறை. அடியில் வெறும் உளித்தடம். என்னை அதிக நேரம் நிற்க வைத்தது அந்த அடிப்பகுதிதான். முடிந்த கோயிலில் வேலை எப்படி நடந்தது என்று தெரியாது. இங்கே ஒவ்வொரு கட்டமும் அப்படியே நிற்கிறது. ஊரில் சொல்லும் கதை தெரிந்திருக்கும்: அப்பனும் மகனும் போட்டி போட்ட சிற்பிகள், மகன் முந்திவிடுவான் என்ற பொறாமையில் அப்பன் அவனை வெட்டிப்போட்டான் என்பது. பிள்ளைகள் அந்தக் கதையைத்தான் மூன்று தடவை கேட்டார்கள்.

அந்தப் பக்கம் போனால் சமணர் சிற்பங்கள். பாறை முகத்தில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், பார்சுவநாதர், பாகுபலி, சிங்கத்தோடு அம்பிகா இயக்கி. பல சிற்பங்களுக்கு அடியில் வட்டெழுத்தில், இதைச் செய்வித்தவர் யார், எந்த ஊர், யாருடைய சீடர் என்று வெட்டியிருக்கிறது. மன்னர் பெயர்கள் குறைவு. தச்சரும் குயவரும் கொல்லரும் தங்கள் காசில் செய்த வேலை. குரத்தி என்று பெண் ஆசிரியர்கள் பெயரும் வருகிறது. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் நம் கரிசல்காட்டில் பெண்கள் குருவாக இருந்து சீடர்களை வைத்திருக்கிறார்கள். எங்களோடு வந்த தோழி ஒருத்தி இப்போது ஒரு கல்லூரியில் பேராசிரியை. அவள் அந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. “இதை எனக்கு ஸ்கூல்ல ஏன்டா யாரும் சொல்லல?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

இனி நான் சொல்லாமல் விட்ட விஷயம். இதைச் சொல்லத்தான் தலைப்பை மாற்றினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கி வந்ததும் தேர்வீதியில் நின்று அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தைப் பற்றிப் பேசினேன், எட்டயபுரம் ஜமீனைப் பற்றிப் பேசினேன். 1895-ஐத் தாண்டிப் போய்விட்டேன். பேருந்து எட்டயபுரம் பார்த்து ஓடும்போது ஒரு நண்பனின் மகள், பதினொன்றாம் வகுப்பு படிக்கிறவள், போனில் எதையோ படித்துவிட்டு, “மாமா, இங்கே 1895-ல என்ன கலவரம்?” என்று சத்தமாகக் கேட்டாள். முன் சீட்டில் இருந்து ஒருவன் திரும்பி, “அதை ஏன் இப்பக் கிளறணும்?” என்றான்.

நான் இத்தாலி அம்மாவை நினைத்துக்கொண்டு மைக்கை வாங்கினேன். தேர்வீதியில் யார் ஊர்வலம் போகலாம், யார் போகக் கூடாது என்று அந்த ஊரில் நெடுநாள் வழக்கு நடந்ததையும், 1895 ஏப்ரலில் பங்குனித் தேரோட்டத்தின்போது அது கலவரமாகி உயிர்கள் போனதையும், நாலு வருஷம் கழித்து 1899-இல் சிவகாசி எரிந்ததையும் எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். குரல் கொஞ்சம் நடுங்கினது உண்மை. அந்தச் சண்டையில் இருந்த இரண்டு தரப்புக் குடும்பங்களின் பேரன் பேத்திகளும் அந்தப் பேருந்தில் சேவைப் பங்கு போட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் கடைசி வரிசையில் இருந்து ஒருவன் சொன்னான்: “எங்க ஆச்சி எல்லாக் கோயில் தேருக்கும் போவா. கழுகுமலைக்கு மட்டும் வரமாட்டா. கேட்டா, நமக்கு அது ஆகாதுய்யாம்பா. வேண்டுதல் ஏதோ பாக்கின்னு நெனச்சேன்.” கிளறாதே என்று சொன்னவன் எழுந்து பின்னால் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டை இருட்டும் நேரத்தில் அவசரமாகப் பார்த்தோம். 1835-இல் முத்துசுவாமி தீட்சிதர் மறைந்ததும் அந்த ஊரில்தான். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

அடுத்த பயணம் தை மாதம் இரண்டாவது ஞாயிறு. காலை ஐந்தரைக்குச் சாத்தூரில் பேருந்து கிளம்பும். கழுகுமலை முதலில், இருக்கன்குடி கடைசியில். தண்ணீரும் தொப்பியும் அவரவர் கொண்டுவர வேண்டும். மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம். இந்தத் தடவை நான் மட்டும் பேசுவதாக இல்லை. வெட்டுவான் கோயிலுக்கு ஒருவர், சமணர் கல்வெட்டுகளுக்கு ஒருவர், தேர்வீதிக்கு ஒருவர் என மூன்று மாணவர்கள் வேண்டும். படிக்க வேண்டிய புத்தகங்களை நான் தருகிறேன். தேர்வீதிக்குப் பெயர் கொடுப்பவர் கொஞ்சம் கூடுதலாகப் படிக்க வேண்டியிருக்கும். நன்றியுரை முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் நிற்பேன், வாருங்கள்.