யார் எழுதிவைத்த பேச்சு?



சோஜர்னர் ட்ரூத்தின் ‘நான் பெண்ணில்லையா?’ உரை தெரியாதவர்கள் இந்த அரங்கில் குறைவு. நானும் அதை இரண்டு மூன்று மேடைகளில் முழங்கிக் கைதட்டல் வாங்கியவன்தான். இன்று அந்தக் கைதட்டலைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன்.

1851 மே 29 அன்று ஓஹையோ மாநிலம் ஆக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் அவர் பேசினார். அங்கிருந்த மேரியஸ் ராபின்சன், தாம் ஆசிரியராக இருந்த அடிமை ஒழிப்பு ஏட்டில் ஜூன் 21 அன்றே அதை வெளியிட்டார். அதில் அந்தப் புகழ்பெற்ற கேள்வி இல்லை. 12 ஆண்டு கழித்து, 1863இல், மாநாட்டுக்குத் தலைமை வகித்த பிரான்சிஸ் கேஜ் என்ற வெள்ளைப் பெண்மணி எழுதிய வடிவத்தில்தான் அது திரும்பத் திரும்ப வருகிறது. கூடவே, தெற்கத்தித் தோட்ட அடிமைகள் பேசுவதாக வெள்ளையர் எழுதிக்காட்டும் கொச்சையும் வருகிறது. ட்ரூத் பிறந்ததோ வடக்கே, நியூயார்க் மாநிலத்தில். முதலில் பேசிய மொழி டச்சு. பெற்ற பிள்ளைகள் 5. கேஜ் 13 என்று எழுதினார்.

கேஜ் கெட்டவர் அல்ல, அடிமை ஒழிப்புக்கு உழைத்தவர். அன்போடுதான் மாற்றினார். எனக்கு உறுத்துவதே அதுதான்.

ராபின்சன் பதிவில் இருப்பவர் வேறு மாதிரிப் பெண். உழுதேன், அறுத்தேன், மரம் வெட்டினேன், எந்த ஆணுக்கும் நான் குறைந்தவளில்லை என்று கணக்குச் சொல்கிறார். அறிவு என்று வந்தால் கிண்டல். நம் அளவில் சொல்வதானால், ஆணுக்கு அரைப்படி, பெண்ணுக்குக் கால்படிதான் என்றே இருக்கட்டும். அந்தக் கால்படியை நிரப்பிக்கொள்ள விட உங்களுக்கு ஏன் பயம் என்று கேட்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர்தான். ஆனால் சட்டத்தை மீறி அலபாமாவுக்கு விற்கப்பட்ட மகன் பீட்டரை, நீதிமன்றம் ஏறி 1828இல் மீட்டவர். அவருக்கு யாரும் வசனம் எழுதித் தர வேண்டியிருக்கவில்லை.

கைபேசியோடு சேரிகளுக்குப் போய் நம் பாட்டிகளின் பேச்சைப் பதிவு செய்யும் மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எழுதியதை அவர்களிடமே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். ஒலிப்பதிவை அழித்துவிடாதீர்கள்.

சென்ற ஆண்டு என் பெரியம்மாவின் நடவுக் காலத்துக் கதையை எழுதி வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தினார்.

“அழுதேன்னு எங்கடா சொன்னேன்? கூலியக் கேட்டு வாங்குனேன்னுதான சொன்னேன்?”

அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.