திரும்பும் வழி

குடியிருக்கும் வீட்டின் அத்திவாரத்தைப் புதுப்பிக்க முனைவோன் முதலிற் கூரைக்கு முட்டுக் கொடுப்பான். கணினியின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றுவதும் அத்தகையதொரு வேலையே. கடிதங்களும் கணக்குகளும் குடும்பப் படங்களும் அந்த அடிப்படை மென்பொருளின் மேலேயே தங்கியிருக்கின்றன.

பழையதே போதுமென்று இருந்துவிடலாகாதோ எனச் சிலர் வினவுவர். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் வன்னாகிரை என்னும் தீநிரல் பல நாடுகளிற் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரித்தானிய தேசிய சுகாதார சேவையின் மருத்துவமனைகள் பலவும் அதனாற் பாதிப்புற்றன. விண்டோசில் இருந்த அக்குறையை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ற் நிறுவனம் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதனைப் பெறாத கணினிகளே பெரும்பாலும் அகப்பட்டன. 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆந் திகதி முடிவுற்றது. ஆதலின் மாற்றம் வேண்டியதே.

ஆயினும் ஆழமறியாமற் காலை விடலாகாது. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 கிகாபைற் நினைவகமும், 64 கிகாபைற் சேமிப்பிடமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். இவையில்லாத கணினியில் அதனை வற்புறுத்தி நிறுவுதல் தகாது.

அடுத்து, கோப்புகள் யாவற்றையும் வெளி வன்தட்டு ஒன்றிற் பிரதி செய்தல் வேண்டும். பிரதி எடுத்ததோடு நின்றவர் பாதி வேலையே செய்தவராவர். அத்தட்டை வேறொரு கணினியிற் பொருத்தி, கோப்புகள் திறக்கின்றனவா எனப் பார்த்து, பின் கழற்றித் தனியே வைத்தால்தான் வேலை நிறைவுறும். கணினியின் வன்தட்டு பிற்லொக்கராற் பூட்டப்பட்டிருப்பின், அதன் 48 இலக்க மீட்பு எண்ணையும் தாளிற் குறித்து வேறிடத்திற் காத்தல் நன்று. மாற்றம் நிகழும் வேளையில் மின்சாரம் தடைப்படாதிருத்தல் வேண்டும். மடிக்கணினியாயின் மின்னேற்றியை இணைத்தே தொடங்குதல் முறை.

மாற்றிய பின்னரும் பழைய பதிப்புக்கு மீளும் வசதி வழக்கமாக 10 நாட்களுக்கு உண்டு. அதற்குள் அச்சுப்பொறி, தமிழ் எழுத்துரு, கணக்கு மென்பொருள் ஆகிய ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்த்துவிடுதல் அறிவுடைமை. இடத்தை மிச்சம் பிடிக்க எண்ணிப் பழைய பதிப்பின் கோப்புறையை அவசரப்பட்டு அழிப்பவர், திரும்பும் வழியைத் தாமே அடைப்பவராவர்.

இயங்குதளம் பழுதானால் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். மறைந்த தாயின் ஒரே படம் அழிந்துபோனால், அதனை எந்த நிறுவனத்திடம் சென்று கேட்பது?