குழந்தைகளின் பார்வையில் நூலகம்

(நூலக அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



நூலகங்களைப் பற்றிய நமது அறிக்கைகளில் நூல்களின் எண்ணிக்கையும் உறுப்பினர் தொகையும் தவறாமல் இடம்பெறுகின்றன. குழந்தைகள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு அவற்றில் இடமில்லை. ஒரு தொடக்கப் பள்ளியில், இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம், "உங்கள் நூலகத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். "பெரிய பூட்டு இருக்கிறது" என்றாள். கண்ணாடி அலமாரியில் வண்ணப் படநூல்கள் இருந்தன. ஆனால் அவள் கைக்கு எட்டியது பூட்டு மட்டுமே.

சிறு குழந்தைக்குப் படிப்பு என்பது எழுத்தோடு தொடங்குவதில்லை. அட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும், தரையில் அமர்ந்து புரட்டுவதும், பிடித்த கதையையே திரும்பத் திரும்பக் கேட்பதும் படிப்பே ஆகும். உயரமான அலமாரியும், பேசக் கூடாது என்ற அறிவிப்பும் குழந்தையை வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றன.

நூல்கள் பயன்பாட்டிற்கே உரியவை என்பதை டாக்டர் எஸ். ஆர். அரங்கநாதன் 1931ஆம் ஆண்டிலேயே தம் முதல் விதியாக வகுத்தார். ஒவ்வொரு பள்ளியிலும் கதை நூல்கள் அடங்கிய நூலகம் வேண்டுமென 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. குழந்தையின் கருத்துக்கு உரிய மதிப்பளிக்க வேண்டுமென்னும் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை 1992இல் நம் நாடு ஏற்றது. இவ்வளவு இருந்தும் பூட்டு ஏன் தொங்குகிறது?

தொலைந்த நூலுக்குத் தாமே பணம் கட்ட நேருமோ என்ற பொறுப்பாளரின் அச்சமே முக்கியக் காரணம். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆவது விதி இதற்கு வழி காட்டுகிறது. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட 1,000 நூல்களுக்கு 5 வரை தொலைவதை, நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமல்லாதபோது, இயல்பான இழப்பாகக் கொள்ளலாம். 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூல்களும் அரிய நூல்களும் தொலைந்தால் மட்டும் விசாரணை கட்டாயமாகும். சிறுவர் படநூல்களில் பெரும்பாலானவை அவ்வளவு விலையுடையன அல்ல. இதனை முன்மாதிரியாகக் கொண்டு மாநில, உள்ளாட்சி அமைப்புகளும் தெளிவான ஆணைகள் பிறப்பித்தல் வேண்டும்.

மேலும், குழந்தையின் தோள் உயரத்துக்கு மேற்படாத அடுக்குகள் அமைய வேண்டும். மாதம் ஒருமுறை குழந்தைகளின் விருப்பத்தைக் கேட்டுப் பதிவேட்டில் குறித்து, அடுத்த கொள்முதலை அதன்படி செய்ய வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை.

அதே கேள்வியை அச்சிறுமியிடம் மீண்டும் கேட்கும் நாளில், அவள் தனக்குப் பிடித்த ஒரு கதையின் பெயரைக் கூறவேண்டும். நமது பணிக்கு அதுவே சரியான அளவுகோல்.