பத்தும் நாற்பதும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் தமிழின் பெருமையைப் பேசுவதற்கு நம்மிடையே வல்லவர் பலர் இருக்கின்றனர். நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வேயில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, பின்னர் துறைத் தேர்வெழுதி எழுத்தர் ஆனவன். எனக்குத் தெரிந்த வித்தை கூட்டலும் கழித்தலும் மட்டுமே. ஆகவே இன்று ஒரு கணக்கை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அது நமது காலனிக்கு அடுத்த தெருவில் இருக்கும் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியின் கணக்கு.

இந்த மும்பை மாநகரில் தொடக்கக் கல்வி தருவது மாநகராட்சியின் கட்டாயக் கடமை. அதற்கெனத் தனியான வரவு செலவுத் திட்டமே ஆண்டுதோறும் சமர்ப்பிக்கப்படுகிறது. மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எட்டு மொழிகளில் மாநகராட்சி பள்ளிகளை நடத்தி வந்திருக்கிறது. பிழைப்புத் தேடி வந்தவனின் பிள்ளைக்கு அவன் தாய்மொழியிலேயே எழுத்தறிவிக்க முன்வந்த நகரம் இது. இதற்காக இவ்வூருக்கு நாம் என்றும் நன்றி பாராட்டக் கடமைப்பட்டவர்கள். சீருடை, காலணி, புத்தகப் பை, குறிப்பேடு முதலாக 27 வகைப் பொருள்களை மாணவர்களுக்கு இலவசமாக வழங்கும் திட்டத்தையும் மாநகராட்சி நடத்தி வந்திருக்கிறது. கட்டணம் என்ற பேச்சே இல்லை. அப்படியிருந்தும் அப்பள்ளியின் பெஞ்சுகள் ஏன் காலியாகின்றன?

அதைச் சொல்லுமுன், ஒரு பள்ளிக்குப் பணமும் ஆசிரியரும் எந்தக் கணக்கில் வருகின்றன என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது ஆசிரியர். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை 60 பிள்ளைகள் மட்டும் இருந்தால் இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். அதாவது 61 பேர் உள்ள பள்ளியிலிருந்து ஒரே ஒரு பிள்ளை விலகினால், மூன்றாவது ஆசிரியருக்கு அட்டவணையில் இடமில்லை. எஞ்சிய இருவர் ஐந்து வகுப்புகளைப் பார்க்க வேண்டும். ஒருவர் ஒன்றாம் வகுப்புக்கு அகரம் எழுதிப்போட்டுவிட்டுத் திரும்பி, அதே அறையில் மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் சொல்லித்தர வேண்டும்.

இரண்டாவது மானியம். 2018-இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டத்தில், பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகுப்பு மானியம் வகுக்கப்பட்டது. அதன் விதிப்படி 100 பிள்ளைகள் இருந்தால் 25,000 ரூபாய். 100-ஐத் தாண்டி 250 வரை 50,000 ரூபாய். அதற்கு மேல் 1,000 வரை 75,000 ரூபாய். நூற்றோராவது பிள்ளையின் மதிப்பு 25,000 ரூபாய் என்று கொள்ளலாம். ஆனால் கூரை ஒழுகுவதும் குழாய் உடைவதும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து நடப்பதில்லையே! நூறு பேர் படித்தாலும் இருநூறு பேர் படித்தாலும் கட்டடம் ஒன்றுதான்.

மூன்றாவது மதிய உணவு. அதுவும் தலைக்கணக்குத்தான். தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு 150 கிராம்.

இப்படி எல்லாம் தலையை எண்ணியே வருகின்றன. இதில் அநியாயம் ஒன்றுமில்லை. பொதுப்பணத்தை வேறெப்படிப் பங்கிடுவது? ஆனால் இந்த ஏற்பாட்டில் ஓர் ஆபத்து இருக்கிறது. ரயில்வேயில் வேலை செய்பவர்களுக்கு அது உடனே விளங்கும். ஒரு சிறு நிலையத்தில் டிக்கெட் விற்பனை குறைகிறது. விரைவு வண்டியின் நிறுத்தம் எடுக்கப்படுகிறது. வண்டி நிற்காததால் இன்னும் பலர் பஸ்ஸுக்குப் போகின்றனர். விற்பனை மேலும் குறைகிறது. அடுத்த வண்டியும் நில்லாமல் போகிறது. கடைசியில் நடைமேடையில் வேப்பமரம் மட்டுமே நிற்கிறது. பள்ளிக்கும் இதே கதிதான். பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைகிறார். ஆசிரியர் குறைந்தால் பிள்ளை குறைகிறது.

இனி, விலகிய அந்த ஒரு பிள்ளை யாருடைய பிள்ளை என்று கேட்போம்.

சபையோரே, அது என் பிள்ளை. என் மூத்த மகள் அப்பள்ளியில்தான் படித்தாள். தொடக்க வகுப்புகள் முடிந்தபோது, நமக்கு எட்டும் தூரத்தில் தமிழ் வழியில் உயர்நிலைப் பள்ளி இல்லை. திடீரென்று ஆங்கில வழிக்கு மாறினாள். கணக்கும் விஞ்ஞானமும் தெரிந்த பெண், அவற்றின் பெயர்கள் தெரியாமல் ஓராண்டு முழுவதும் கண்ணீர் விட்டாள். அதைப் பார்த்த நான் இளையவளை முதல் வகுப்பிலேயே ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தேன். அன்று நான் செய்தது தவறென்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. தகப்பன் என்ற முறையில் அது நியாயம். ஆனால் பள்ளியின் பதிவேட்டில் அது ஒரு கழித்தல்.

நம் காலனியில் மாதச் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் அநேகமாக எல்லாமே இப்படித்தான் செய்தன. இன்று அப்பள்ளியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் யார்? துப்புரவுப் பணியாளரின் பிள்ளைகள். இட்லி சுமந்து விற்பவரின் பிள்ளைகள். ஒப்பந்தக் கூலியாக வந்தவரின் பிள்ளைகள். தனியார் பள்ளிகள் முதல் வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை நலிந்த பிரிவினர்க்குத் தர வேண்டும் என்று அதே 2009-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவதால், அவர்களிலும் முடிந்தவர்கள் வேறு பள்ளிக்கு மனுச் செய்கின்றனர். அதையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் நாம் விலகியபோது எண்ணிக்கை மட்டும் விலகவில்லை. மனு எழுதத் தெரிந்த கையும் விலகிவிட்டது. ஆசிரியர் ஓய்வு பெற்று இடம் காலியானால் அலுவலகத்துக்கு எழுதி நினைவூட்டியவர்கள் நம்மைப்போன்ற குமாஸ்தாக்கள்தாம். இன்று எழுதுவார் யார்? பகலெல்லாம் தெரு கூட்டுகிறவர் எந்த நேரத்தில் அதிகாரியைப் பார்க்கப் போவார்?

மக்கள்தொகைக் கணக்கையும் பார்ப்போம். தமிழைத் தாய்மொழியாகக் கூறியவர் மகாராஷ்டிரத்தில் 2001-இல் சுமார் 5 லட்சத்து 28 ஆயிரம். 2011-இல் சுமார் 5 லட்சத்து 10 ஆயிரம். புதிதாக வருவோர் குறைகின்றனர். இங்கே பிறந்தவர் சிலர் வேறு மொழியைச் சொல்லத் தொடங்கிவிட்டனர் போலும். ஆயினும் ஐந்து லட்சம் என்பது சிறு தொகையன்று. ஆளில்லாமல் பள்ளி தேய்கிறது என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

சென்ற ஆண்டு ஊரில் என் தாயார் காலமானார். உத்தரகிரியைப் பத்திரிகை தபாலில் வந்தது. மூத்தவள் வாங்கிப் படித்துவிட்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்தாள். இளையவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் பாட்டியின் பெயர் எங்கே இருக்கிறது, அப்பா?" என்று கேட்டாள். நான் விரல் வைத்துக் காட்டினேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இச்சொற்பொழிவுக்குக் காரணம் அந்த இரவுதான்.

பெரியோர்களே, நமக்கு ஆதரவாகச் சில ஏற்பாடுகள் உண்டு. 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு தீர்மானம் செய்தது. ஒரு தொடக்கப் பள்ளியில் ஒரு மொழி பேசும் பிள்ளைகள் நாற்பது பேரோ, ஒரு வகுப்பில் பத்துப் பேரோ இருந்தால், அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியராவது நியமிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். 1956-இல் அரசியலமைப்பில் 350ஏ என்ற பிரிவு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய முயல்வது மாநிலத்தின் பொறுப்பும் உள்ளாட்சியின் பொறுப்பும் ஆகும் என்கிறது அது. 350பி பிரிவு மொழிச் சிறுபான்மையோர்க்கென ஓர் ஆணையரை வைத்திருக்கிறது. எல்லாம் காகிதத்தில் உள்ளன. ஆனால் பத்துப் பிள்ளைகளையும் நாற்பது பிள்ளைகளையும் எந்தச் சட்டமும் பெற்றுத் தராது. அது நம் வீட்டிலிருந்து வர வேண்டும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: ஏப்ரல், மே மாதங்களில் சங்கத்தின் இளைஞர்கள் வீடுவீடாகச் சென்று, ஜூனில் பள்ளிக்குச் செல்லவேண்டிய தமிழ்ப் பிள்ளைகளின் பட்டியலை எடுக்க வேண்டும். காலனியில் மட்டுமன்று, தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கும் குடிசைகளிலும். மாணவர் எண்ணிக்கைக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் நாள் செப்டம்பர் 30. அதற்குள் பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டும். பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அக்குழுவின் பணி. தெரு கூட்டும் தாய்க்கு அங்கே சட்டப்படி நாற்காலி உண்டு. அவர் சொல்வதை மராத்தியில் மனுவாக எழுதிக் கொடுக்க நாம் உடன் இருப்போம். நம் பிள்ளை அங்கே படிக்கவில்லை என்பது நமக்குத் தடையாக வேண்டாம். எழுதும் கை நமக்கு இருக்கிறது. எட்டாம் வகுப்புக்கு மேல் என்ன வழி என்பதே அம்மனுவின் முதல் கோரிக்கையாக இருக்கட்டும். அந்தக் கதவு திறந்தால்தான் ஒன்றாம் வகுப்பு நிரம்பும்.

மூன்று: ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையில் இதே மண்டபத்தில் தமிழ் எழுத்து கற்பிப்போம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களும் உள்ளன. மாணவர்கள் மராத்தியும் படிக்கட்டும். 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது இம்மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயம், நமக்குச் சோறிடும் மண்ணின் மொழியும் அதுவே. ஆங்கிலமும் படிக்கட்டும். அவற்றோடு தம் பாட்டியின் பெயரைத் தாமே படிக்கத் தெரிந்துகொள்ளட்டும்.

வகுப்புக்கு முதல் மாணவியாக என் இளைய மகளின் பெயரை இன்றே தருகிறேன். இன்னும் ஒன்பது பெயர்கள் வந்தால் பத்தாகும். வாசலில் மேசையும் நோட்டும் வைத்திருக்கிறேன். போகும்போது எழுதிச் செல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.