உக்குவது வீண்போவதில்லை

 

சிங்கராஜ வனத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1988ஆம் ஆண்டு உலக மரபுரிமையாகப் பிரகடனப்படுத்தப்பட்ட அவ்வனத்தில் எவரும் பசளை இடுவதில்லை. எவரும் சருகு கூட்டுவதுமில்லை. ஆண்டு முழுவதும் இலைகள் உதிர்கின்றன, மரங்கள் சாய்கின்றன, விலங்குகள் மடிகின்றன. ஆயினும் அவை மலையாய்க் குவிவதில்லையே, ஏன்?

வல்ல நாயன் அங்கே ஒரு பணியாளர் கூட்டத்தை அமர்த்தியுள்ளான். கறையானும் மண்புழுவும் மரவட்டையும் சருகைச் சிறு துண்டுகளாக்குகின்றன. பின்னர், பிரிகையாக்கிகள் எனப்படும் பற்றீரியாக்களும் பங்கசுக்களும் நொதியங்களைச் சுரந்து, உணவைத் தம் உடலுக்கு வெளியிலேயே சமிபாடடையச் செய்து உறிஞ்சுகின்றன. மரத்திற்கு உறுதியளிக்கும் இலிக்னினைச் சிதைப்பதில் பங்கசுக்களே முன்னிற்கின்றன. இறந்த விலங்கின் உடலையோ ஈக்கள் விரைந்து நாடுகின்றன. அவற்றின் புழுக்கள் தசையைத் தின்று தீர்க்கின்றன. இவ்வாறு காபனின் பெரும்பகுதி காபனீரொட்சைட்டாக வளிமண்டலத்திற்குத் திரும்புகின்றது. நைதரசனும் பொசுபரசும் வேர்கள் உறிஞ்சத்தக்க வடிவில் மண்ணை அடைகின்றன. பெருமழை சத்துக்களைக் கழுவிச் செல்லும் அம்மண்ணில் நெடுமரங்கள் நிமிர்ந்து நிற்பது இச்சுழற்சியினாலன்றோ!

பெற்றோர்களே! இப்பணியாளர்களுக்கு ஈரமும் காற்றும் வேண்டும். நாமோ எஞ்சிய சோற்றையும் பொலித்தீனையும் ஒரே பையில் கட்டி வீசுகின்றோம். காற்றுப் புகாத குவியலில் மெதேன் வாயு உருவாகின்றது. கழிவுநீர் கசிந்து நிலத்தடி நீரைக் கெடுக்கின்றது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து, வீடுகள் புதையுண்டு, முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அம்மேடு வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் சென்ற பைகளால் வளர்ந்ததே.

இளைஞர்களே! சருகுகளை எரிக்காதீர்கள். சருகையும் மரக்கறிக் கழிவையும் மாறி மாறி அடுக்கி, ஈரம் காத்து, அவ்வப்போது புரட்டிவிடுங்கள். உள்ளே வெப்பம் எழுவதைக் கையாலேயே உணர்வீர்கள். நுண்ணங்கிகள் உழைப்பதன் அடையாளம் அது. சில மாதங்களில் கூட்டெரு கிடைக்கும். உழ்ஹிய்யாப் பிராணிகளின் கழிவுகளையோ வீதியோரத்திலும் ஆற்றிலும் வீசிவிடாது, கிணறுகளுக்குத் தொலைவில், நாய்கள் தோண்டாதவாறு ஆழப் புதையுங்கள். இறைவனுக்காகச் செய்யும் அமல், அயலவருக்குத் துர்நாற்றமாய்ச் சென்றடையலாமா?

புழுவும் பங்கசும் தமக்கு விதிக்கப்பட்ட பணியைப் பிசகாது செய்கின்றன. பகுத்தறிவு வழங்கப்பட்ட நாம், அவற்றின் பணிக்கு இடையூறாகவேனும் இல்லாதிருப்போமாக. வீண்விரயத்தைத் தவிர்த்து, பூமியின் அமானிதத்தைப் பேணி நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.