குடிசைக்கு அடியிலுள்ள மனை

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிராம வீட்டு வசதியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். வீடு கட்டும் திட்டங்கள் எத்தனை, அவற்றின் விதிகள் யாவை என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினால் மாலை வரையில் பேசலாம். தாங்களும் பொறுமையோடு கேட்பீர்கள். ஆனால் ஊருக்குத் திரும்பியதும் எந்த வேலையை முதலில் தொடங்குவது என்ற கேள்வி அப்படியே நிற்கும். ஆகையால் இன்று ஒரே விஷயத்தை எடுத்துக்கொள்வோம். சுவரையும் கூரையையும் பற்றி நினைக்குமுன், அவை நிற்கப்போகும் மனை யாருடையது என்பதை விசாரிப்போம்.

இதன் முக்கியத்தை அறியப் பழைய தஞ்சை மாவட்டத்தின் கதையைச் சற்று நினைவுகூர்ந்தால் போதும். மிராசுதாரரின் வயலோரத்திலோ தோப்பின் மூலையிலோ பண்ணையாள் குடிசை போட்டுக்கொண்டு வாழ்ந்தார். மூங்கிலும் கீற்றும் அவர் சம்பாதித்தவை. தரை மாத்திரம் அவருடையதன்று. கூலி போதவில்லை என்று வாய் திறந்தால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போகும்படி சொல்லிவிடலாம். அடியைவிட அந்தச் சொல்லுக்குத்தான் குடும்பங்கள் அதிகம் அஞ்சின. 1952இல் பண்ணையாட்களுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் வந்தது. 1961இல், குடியிருப்பு மனையிலிருந்து வெளியேற்றப்படாமல் காக்கத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இவை இருந்தும், 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில், கூலித் தகராறு முற்றிய நிலையில், உயிருக்கு அஞ்சி ஒரே குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர் தீயில் மாண்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அவர்களில் பெரும்பாலோர்.

அதன்பின் வந்ததுதான் 1971ஆம் ஆண்டுக் குடியிருப்பு உரிமைச் சட்டம். 1971 ஜூன் 19ஆம் நாளில் பிறர் நிலத்தில் குடியிருந்த உழவுத் தொழிலாளர்களுக்கும் கிராமக் கைவினைஞர்களுக்கும், அவர்கள் குடிசை நின்ற மனையே உரிமையாயிற்று. அன்று ஒரு செங்கல்லும் யாருக்கும் வழங்கப்படவில்லை. குடிசைகள் குடிசைகளாகவே இருந்தன. ஆயினும் மறுநாள் காலை கூலியைப் பற்றிப் பேசப் போனவர் வேறு மனிதராகப் போனார். சொந்த மனை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நமக்குத் தெரியவில்லை.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். வீட்டுத் திட்டங்களுக்குக் குறைவில்லை. 1985இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம் 2016இல் பிரதம மந்திரி கிராமக் குடியிருப்புத் திட்டமாக மாறியது. மாநில அரசு 2011இல் சூரிய ஒளியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தைத் தொடங்கிற்று. 2024-25ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், 2030க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்ற குறிக்கோளுடன் கலைஞரின் கனவு இல்லம் அறிவிக்கப்பட்டது. இத்திட்டங்களின் படிவங்களில் எல்லாம் தவறாமல் ஓர் இடம் வரும்: பட்டா எண். குடும்பத்தின் வறுமையைக் கிராம சபை முழுவதும் அறிந்திருக்கலாம். பட்டியலில் பெயரும் இருக்கலாம். அந்த ஒரு கட்டத்தில் எழுத எண் இல்லையென்றால் மனு மேலே நகராது. ஒதுக்கீடு வேறொருவருக்குப் போகும். அவருக்கு மனை உண்டு; வசதியும் சற்று உண்டு. ஏழையினும் ஏழைக்கென வகுத்த திட்டம் அவருக்கு அடுத்த படியில் இருப்பவருக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் இவ்வாறுதான். இதில் எவருடைய சூழ்ச்சியையும் தேட வேண்டியதில்லை.

பட்டா இல்லாத குடும்பங்கள் எல்லாம் ஒரே வகையின அல்ல. நத்தத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தும் பட்டா பெறாதவர்கள் சிலர். நத்தம் ஆதியிலிருந்தே குடியிருப்புக்கென அமைந்த நிலம். மேய்ச்சல் புறம்போக்கையும் ஏரிப் புறம்போக்கையும் போன்றதன்று. நத்தம் நிலவரித் திட்ட அளவையின்போது வெளியூரில் கூலிக்குப் போயிருந்தவர்கள் விட்டுப்போயிருப்பார்கள். கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையுடன் வட்டாட்சியரிடம் மனுச் செய்தால் இவர்கள் காரியம் பெரும்பாலும் கைகூடும். அலைவதற்குத்தான் ஆள் வேண்டும். நாள் கூலியை இழந்து நாலு நடை நடக்க இயலாதவருக்காக நடப்பதும் வார்டு உறுப்பினரின் கடமையே.

பட்டா இருந்தும் இல்லாதவர்கள் இன்னும் அதிகம். பட்டா பாட்டனார் பெயரில் இருக்கும். அவர் காலமாகி முப்பது ஆண்டு ஆகியிருக்கும். பிள்ளைகள் நால்வர், ஒருவர் திருப்பூரில், ஒருத்தி கணவன் வீட்டில், மூன்றாமவர் பேச்சுவார்த்தை இல்லாமல். மனையில் வாழும் நான்காமவருக்கு வீடு வேண்டும். இதற்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும். மற்ற மூவரின் சம்மதத்துடன் பதிவு செய்த பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ வேண்டும். பின்னர் உட்பிரிவு செய்து புதுப் பட்டா பெறவேண்டும். குடும்பத்தினருக்கிடையே எழுதும் இத்தகைய பத்திரங்களுக்குப் பதிவுத் துறையில் சலுகைக் கட்டணம் உண்டென்பதைப் பலர் அறியார். வீண் செலவென்று வாய்ப் பேச்சோடு விட்டுவிடுகிறார்கள். வாய்ப் பேச்சின்மேல் எழுப்பிய வீட்டைப் பேச்சு மாறியவுடன் இடிக்கச் சொல்லி வழக்கு வருவதை நாம் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். திருவிழாவுக்கு நால்வரும் ஊருக்கு வரும் நாட்களில், ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு இந்தப் பேச்சை முடித்துவிடலாம். மகளின் பங்கையும் மறக்கலாகாது. சகோதரியின் கையொப்பமின்றி முடித்த பாகப்பிரிவினை முடிந்ததாகாது.

ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் குடியிருப்போரின் நிலைமை வேறு. அங்கே பட்டா கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஏரிகளைக் காத்து ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டம் 2007இல் வந்தது. சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், ஐப்பசி அடைமழையில் அந்தக் குழந்தைகள் எங்கே படுத்துறங்கும்? நாளை வாங்கித் தருகிறோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் நம்பிக்கை கொடுப்பது பெருங்கொடுமை. வேறு இடம் தேடிக் கொடுப்பதே வழி.

இடத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஆட்சேபணையற்ற புறம்போக்கு இருந்தால், கிராமப்புறத்தில் ஒரு குடும்பத்துக்கு 3 சென்ட் வரை வீட்டுமனை ஒப்படை செய்ய வருவாய் நிலை ஆணை இடமளிக்கிறது. 3 சென்ட் என்பது சுமார் 1,300 சதுர அடி. வீடு, கழிப்பறை, ஒரு முருங்கை மரம், இரண்டு ஆடு கட்ட இடம் எல்லாம் அதில் அடங்கும். ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக நிலம் எடுக்க 1978இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. இவ்விரண்டும் இயலாத ஊரில் நிலமுள்ள உழவர் பெருமக்களிடம் ஒரு கணக்கைச் சொல்ல விரும்புகிறோம். அரை ஏக்கர் என்பது 50 சென்ட். பாதைக்கும் வடிகாலுக்கும் 17 சென்ட் விட்டால் மிகுவது 33 சென்ட். பதினொரு குடும்பங்கள் அங்கே வாழலாம். நடவுக்கும் அறுவடைக்கும் ஆளில்லை, எல்லோரும் நகரத்துக்குப் போய்விட்டார்கள் என்று குறைப்படுகிறோம். கால் ஊன்ற மூன்று சென்ட் இல்லாதவர் ஊரில் ஏன் தங்குவார்? நிலத்தைத் தானமாகக் கேட்கவில்லை. நியாயமான விலைக்கு, ஊரை ஒட்டிய மேட்டு நிலமாகக் கொடுத்தால் போதும்.

‘ஊரை ஒட்டிய’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கோ ஒதுக்குப்புறமாகக் காலனி அமைத்து, தண்ணீருக்கும் பள்ளிக்கும் ஒரு மைல் நடக்கவிடும் வழக்கத்தில் பழைய தீண்டாமையே புதுச் சுவர்களோடு குடியேறிவிடுகிறது. இதற்கு மாறாகத் திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். ரசாயனப் பொறியியல் படித்த ரங்கசாமி இளங்கோ என்பவர், அதே ஊரில் பிறந்த தலித், 1996இல் பஞ்சாயத்துத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1997-98இல் மாநில அரசு சமத்துவபுரத் திட்டத்தைத் தொடங்கியபோது, தம் ஊர்ச் சமத்துவபுரத்தில் வீடுகளை இரட்டை வீடுகளாக அமைக்க அவர் முனைந்தார். நடுவில் ஒரே சுவர். ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் வேறு சாதிக் குடும்பம். இவ்விதம் 50 இரட்டை வீடுகளில் 100 குடும்பங்கள் குடியேறின. சுவர்களுக்கு உள்ளூர் மண்ணை அழுத்திச் செய்த கட்டிகளையே உபயோகித்தார்கள். ஊராரே அவற்றைச் செய்தார்கள். செங்கல்லுக்காக வெளியூருக்குப் போயிருக்க வேண்டிய பணம் கூலியாக ஊருக்குள் சுற்றியது.

மண் கட்டி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். மழையில் கரையும் பழைய மண்சுவர் வேறு. சலித்த மண்ணுடன் இருபதில் ஒரு பங்கு அளவில் சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, நான்கு வாரம் ஈரம் காயாமல் பதப்படுத்தினால் சுடாமலேயே உறுதியான கட்டி கிடைக்கும். புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் இம்முறையில் மாடிக் கட்டடங்களே எழுந்திருக்கின்றன. எல்லா மண்ணும் இதற்கு ஏற்றதன்று. களிமண் மிகுந்த கரிசல் உதவாது. சோதித்த பின்பே இறங்கவேண்டும்.

செலவைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேசவேண்டும். 2016இல் சமவெளிப் பகுதிக்கு மத்திய திட்டம் வகுத்த தொகை ரூ. 1,20,000, வீட்டின் குறைந்த அளவு 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. சதுர அடிக்கு ரூ. 446 ஆகிறது. எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் இது போதாதென்றே சொல்வார். அதனால்தான் தமிழ்நாட்டில் மாநில அரசு கான்கிரீட் கூரைக்கெனத் தனித் தொகை சேர்த்தது. கனவு இல்லத்துக்கு வகுத்தது 360 சதுர அடிக்கு ரூ. 3,50,000, சதுர அடிக்கு ரூ. 972. இது மேல். ஆயினும் குடும்பங்கள் கடனில் விழுவது தொகைக் குறைவால் மாத்திரம் அன்று. அடித்தளம் தோண்டும் நாளில், ‘வாழ்நாளில் ஒருமுறை கட்டுகிறோம், கொஞ்சம் பெரிதாக இருக்கட்டுமே’ என்று மாமனோ மைத்துனனோ சொல்வார். 269 அடி 450 அடியாகும். கூரைக்குரிய கம்பியும் ஜல்லியும் ஒன்றரைப் பங்குக்கு மேலாகும். பணமோ அடித்தளம், ஜன்னல் மேல்மட்டம், கூரை, முடிப்பு என்று கட்டம் கட்டமாகவே வரும். கூரை மட்டத்தில் கை வறண்டு, கந்துவட்டிக்காரரைத் தேடிப் போவார்கள். ஐந்து வருஷமாகக் கூரையின்றி நிற்கும் சுவர்கள் தங்கள் ஊரிலும் இல்லாமலிரா. விரிவாக்க விரும்புவோர் ஒரு பக்கச் சுவரில் செங்கல்லைப் பல் விட்டு நிறுத்திக்கொள்ளட்டும். மகன் சம்பாதித்து அடுத்த அறையைக் கட்டுவான். இதை அடித்தளத்துக்குக் கயிறு பிடிக்கும் நாளன்றே நேரில் போய்ச் சொல்லவேண்டும். பிறகு சொல்லிப் பயனில்லை.

பத்து வீடுகள் ஒரே தெருவில் எழும்போது பத்துப் பேரும் தனித்தனியே மணல், ஜல்லி வாங்குவது நஷ்டம். ஒரே கொத்தனார் குழு, ஒரே சென்ட்ரிங் பலகை, ஒரே வண்டிச் சத்தம் என்று பேசி முடித்தால் மிச்சம் கணிசமாக இருக்கும். கூரை விஷயத்தில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். முன்னர் கட்டிய தொகுப்பு வீடுகள் பலவற்றில் மேல்தளம் உதிர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்திருக்கிறோம். தூங்கும் குழந்தையின்மேல் காரை விழுந்தால் அந்த வீடு யாருக்கு வேண்டும்? கம்பிக்குக் கீழே முக்கால் அங்குலக் காரையாவது நிற்கும்படி கட்டை வைக்கவேண்டும். உப்புத் தண்ணீரில் கலவை போடலாகாது. தளம் போட்டபின் இரண்டு வாரமாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தவேண்டும். கோடைக் காலத்தில் குடிக்கவே தண்ணீரில்லாத தெருவில் இதற்கு எங்கே போவார்கள்? பஞ்சாயத்து லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தால், அது வீட்டின் ஆயுளைப் பல ஆண்டு நீட்டிக்கும் உதவியாகும்.

வீடும் மனையும் யார் பெயரில் இருக்கவேண்டும் என்பது மீதி. மத்திய திட்டம் பெண்ணின் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ ஒதுக்கவே சொல்கிறது. கீழ்த்தஞ்சைப் பகுதியில் 1981இல் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் தொடங்கிய லாப்டி இயக்கம், வாங்கிப் பகிர்ந்த நிலங்களைப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்தது. குடித்துவிட்டு அடகு வைக்க முடியாத சொத்தாக அவை நின்றன. ஆண்கள் கோபிக்க வேண்டாம். நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயமே இது.

கிராம வீட்டு வசதி அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையில் 10ஆம் இனமாகப் பஞ்சாயத்துகளுக்குரிய பொருளாக எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே அடுத்த கிராம சபைக்குமுன் ஒரு சிறு பதிவேடு எழுதுங்கள். தெருத் தெருவாகக் குடும்பத்தின் பெயர், குடியிருக்கும் மண் நத்தமா, புறம்போக்கா, பிறர் நிலமா, பட்டா யார் பெயரில், அவர் உயிரோடு இருக்கிறாரா என்ற நான்கு கலங்கள் போதும். அதைச் சபையில் உரக்கப் படியுங்கள். விட்டுப்போன பெயர்களை ஜனங்களே சொல்வார்கள். பதிவேட்டின் மாதிரிப் படிவம் மதிய உணவுக்குப்பின் வழங்கப்படும். தங்கள் ஊர் நத்த வரைபடத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கும் உறுப்பினர்கள் அப்போது முன்வரிசையில் வந்து அமர்ந்தால், அதை வைத்துக்கொண்டே ஒரு தெருவை எழுதிப் பார்க்கலாம்.