வாட்ஸ்அப் குழுவில் நான் கற்றது

(ராபர்ட்சன்பேட்டையில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியது)

ரிடையரான பின் பொழுது எப்படிப் போகிறது என்று காரியதரிசி கேட்டார். வாட்ஸ்அப் பார்க்கிறேன் என்றேன். "அதைப் பத்தியே பேசுங்கோ" என்று மாட்டிவிட்டார்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, அரசாங்க உத்தியோகத்தில் ஊர் ஊராகச் சுற்றினேன். 2001 பிப்ரவரி 28ல் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு இங்கிருந்தவர்களும் பிழைப்பைத் தேடிப் பல இடங்களுக்குப் போனார்கள். அப்படிச் சிதறிய தங்கவயல்காரர்கள் சேர்ந்து நடத்தும் குழுவில், பள்ளித் தோழர் ஒருவர் என்னையும் சேர்த்துவிட்டார்.

ஆரம்பத்தில் குட்மார்னிங் படங்கள்தான். பிறகு பேச்சு சூடு பிடித்தது. 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து நம் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்த கதை ஒரு வாரம் ஓடியது. என் பங்குக்கு நான் நியூட்ரினோ பற்றி முழ நீளம் எழுதினேன். 1965ல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டார்கள். மற்ற கதிர்களைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் கண்டார்கள். நிறையப் பேர் கை தட்டும் படம் போட்டார்கள். எனக்கும் பெருமைதான்.

மறுநாள் ஒருவர் குரல் பதிவு அனுப்பினார். "சார், அந்தப் பெட்டிங்களைக் கூண்டுல வெச்சு இறக்கினவங்கள்ல எங்கப்பாவும் ஒருத்தர். உள்ளே அவ்வளவு சூடு. வீட்டுக்கு வந்ததும் ஈரத் துண்டைப் போட்டுக்கிட்டுப் படுத்துடுவார். உங்க வீடு எனக்குத் தெரியும் சார். விறகு கொண்டாந்து போடுவேன். கொல்லைப்புறம் வரைக்கும்தான் வந்திருக்கேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் பதில் எழுதவில்லை. காலேஜில் பாடமாகப் படித்த ஆராய்ச்சி, எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் நடந்தது. பெட்டிகளை இறக்கியது யார் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் பக்கம் நாங்கள் போனதில்லை. போகாதே என்று யாரும் சொன்னதும் இல்லை. சொல்ல அவசியம் இருக்கவில்லை.

மூன்றாம் நாள், எல்லோரும் பார்க்கும்படி எழுதினேன்: "எங்கள் வீட்டில் அப்படி நடந்ததற்கு வருந்துகிறேன். அப்பாவைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்." உறவினர் ஒருவர் போனில் கடிந்துகொண்டார், இதையெல்லாம் பொதுவில் எழுதணுமா என்று. நேரில் என்றால் எனக்கும் வாய் வந்திருக்காது.

பிறகு மற்றவர்களும் எழுத ஆரம்பித்தார்கள். சுரங்கத்தில் பாறை வெடித்து நிலம் குலுங்கினால், எங்கள் வீட்டு அலமாரியில் பாத்திரம் சத்தம் போடும், அவ்வளவுதான். லைன்களில் பெண்கள் சுரங்க வாயிலுக்கு ஓடுவார்களாம். எழுபது வயதுக்கு மேல் இதைத் தெரிந்துகொண்டேன். இப்போதெல்லாம் நான் எழுதுவது நாலு வரிதான். மீதி நேரம் கேட்கிறேன்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போய், கூடத்தில் உட்கார்ந்து டீ சாப்பிட்டேன். அவருடைய பேத்தி எம்.எஸ்ஸி. பௌதிகம் படிக்கிறாள். வரும் ஞாயிறு குழுவின் வீடியோ கூட்டத்தில் நியூட்ரினோ பற்றி அவள்தான் பேசுகிறாள். முதல் கேள்வியை என்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். பழைய பாடப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.